நீர்மட்டம் குறைந்தால் அழைக்கவும்

தண்ணீர் மிகச் சரியாகச் சிவப்புக் கோட்டில் நின்றது. அதுதான் பிரச்சினை.

பம்புக்காரர் அளவுப் பலகையைக் குனிந்து பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு விரற்கடை குறைந்திருந்தால்கூட மனசுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குறையவில்லை. வேறு யாராவதாக இருந்தால் தன் வேலையின் அழகைத் தானே மெச்சிக்கொண்டிருப்பார். இவர் பெருமூச்சு விட்டபடி உள்ளே போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அது இன்றைக்கும் அடிக்கவில்லை. நேற்றும் அடிக்கவில்லை.

அந்த வாய்க்கால் எந்தக் காலத்திலோ சரக்குப் படகுகளுக்காக வெட்டியது. இப்போது சரக்கெல்லாம் லாரியில் போகிறது. வாய்க்காலில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு படகு போய்வருகிறது. கரை முழுக்க விரிசல். ராப்பகலாகத் தண்ணீர் கசிந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். போகிற தண்ணீருக்கு ஈடாகக் கீழே ஓடும் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புராதனச் சின்னம் சேறும் பிளாஸ்டிக் பாட்டிலுமாகக் கிடந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஓட்டைப் பானையில் ஆயுசு முழுக்கத் தண்ணீர் ஊற்றுவதற்கும் அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் என்பதைப் பம்புக்காரரின் மாமனார் கடைசிவரை நம்பவில்லை.

பம்ப் ஹவுஸ் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஆற்றைத் தொடும் இடத்தில் இருந்தது. ஒரு மோட்டார், அவசரத்துக்கு இன்னொரு மோட்டார், கை வைக்காத நாற்காலி, ஒரு கெட்டில், ஒரு தொலைபேசி. தொலைபேசியில் அழைப்பு வரும். இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. ஊழியர்கள் சொந்தக் கதை பேசிவிடக் கூடாதென்று அலுவலகம் அப்படி ஏற்பாடு செய்திருந்தது.

ஊருக்குள் கரை நெடுக நீலப் பலகைகள் நட்டு, 'நீர்மட்டம் குறைந்தால் அழைக்கவும்' என்று எழுதி, பம்ப் ஹவுஸ் நம்பரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பலகையை ஊரில் யாரும் மதித்ததில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவர்தான் மஞ்சள் வீட்டு அம்மா.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் முதல் தடவை கூப்பிட்டார். "பம்ப் ஹவுஸுங்களா? பாலத்துக்குப் பக்கத்துல மஞ்சள் வீட்டுலேருந்து பேசறேன். தண்ணி கொஞ்சம் குறைஞ்சாப்பல இருக்கு."

"பாக்கறேம்மா" என்றார் பம்புக்காரர். அவ்வளவுதான் பேசியது. ஆனால் அன்று காலையிலிருந்து அவர் வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். அதனால் குரல் கரகரவென்று வந்தது. மறுநாளிலிருந்து சாயங்காலமானால் மோட்டாரைப் பார்த்து ரெண்டு தடவை "ஹலோ" சொல்லித் தொண்டையைச் சரிபண்ணி வைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த அம்மா தினமும் கூப்பிட ஆரம்பித்தார். தண்ணீர் பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சமையலறைக் குழாய் சொட்டுவது, வெளியூரில் இருக்கும் மகன் வீட்டை விற்றுவிடச் சொல்வது, கடிகாரம் பின்தங்கி ஓடுவது என்று ஒவ்வொன்றாக வரும். பம்புக்காரருக்கும் சொல்ல விஷயம் இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். கடல் தாண்டி இருக்கும் மகள் வாரம் ஒரு தரம் கூப்பிட்டு, "சாப்பிட்டியாப்பா? சரிப்பா, வெச்சிடட்டுமா?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பாள். பதில் சொல்ல இடமிருக்காது. மஞ்சள் வீட்டு அம்மா இடம் விடுவார். அதோடு அவரை "சார்" என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அந்த அம்மாதான்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மட்டும் இருவரும் பேச்சை ஆரம்பித்ததில்லை. அது புகார் நம்பர். புகார் இல்லாமல் எப்படிப் பேசுவது?

இப்போது ரெண்டு நாளாகப் புகார் இல்லை. பம்புக்காரர் யோசித்து யோசித்துக் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார். ரெண்டு நாளாகத் தண்ணீர் கோட்டில் நிற்கிறது. குறையே இல்லாதபோது அந்த அம்மா என்னவென்று கூப்பிடுவார், பாவம்? இத்தனை வருஷ சர்வீஸில் தன் வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்ததற்காக அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை வருத்தப்பட்டார்.

எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஒரு ஜாண் இறங்கியிருந்தது. தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுப்பது மரியாதையில்லை என்று மூன்றாவது மணி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"ஹலோ, பம்ப் ஹவுஸ்."

"நான்தாங்க, மஞ்சள் வீடு." குரல் கட்டியிருந்தது. "தண்ணி குறைஞ்சிருக்கே சார்."

பம்புக்காரருக்குக் கால் தரையில் படவில்லை. "அப்படியாம்மா? ரொம்பவா?"

"நல்லாவே குறைஞ்சிருக்கு. ஜன்னல் கிட்டதான் உக்காந்திருக்கேன்."

"தொண்டைக்கு என்ன ஆச்சு?"

"சளிங்க. ரெண்டு நாளாப் படுத்த படுக்கை. பேச்சே வரல."

"சுடுதண்ணி குடிங்க. வெறும் தண்ணி குடிக்காதீங்க. அந்தக் குழாய் இன்னும் சொட்டுதா?"

"சொட்டுது. நீங்க சொன்ன வாஷர் எந்தக் கடையிலயும் இல்லையாம். அந்தச் சைஸே இப்ப வர்றதில்லன்னு சொல்றாங்க."

"நான் பாத்துத் தரேன்" என்றார் பம்புக்காரர். எப்படித் தருவார் என்று அவரும் யோசிக்கவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பேச்சு நீண்டது. கெட்டில் கொதித்துத் தண்ணீர் வற்றிக் கருகிய வாடை வரும்வரைக்கும் நீண்டது. தொலைபேசியை வைத்ததும் அவர் மனசு ஒரு கணக்குப் போட்டது. ஒரு ஜாண் இறங்கியதற்கே இவ்வளவு பேச்சென்றால், ஒரு முழம் இறங்கினால்?

முழம் இறங்கியது. மூன்றாம் நாள் படகுக்காரர் இடுப்புவரை சேற்றோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"அண்ணே, படகு நடுவுல தரை தட்டிடுச்சு."

"அடடா."

"ஏறினவங்க எல்லாரும் இறங்கித் தள்ளினாங்கண்ணே. டிக்கெட் எடுத்தவங்களே தள்ளினா அதுக்குப் பேரு படகு சவாரியா? ஒரு ஆளு, தள்ளின தூரத்துக்குக் காசத் திருப்பிக் கேக்கறாரு. நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

படகுக்காரர் போனதும் பம்புக்காரர் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். ஆனால் அதற்குள் அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் கிளம்பிவிட்டார்.

இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். தலையில் ஹெல்மெட்; கட்டடம் எதுவும் மேலே விழ வாய்ப்பில்லாத வெட்டவெளியிலும் அதைக் கழற்றவில்லை. "பெரியவரே, உங்க சர்வீஸ்ல தண்ணி இப்படி ஒரேயடியா இறங்கினதுண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார்." அது சத்தியமான வார்த்தை.

"அப்ப பெரிய கசிவுதான். பாலத்துப் பக்கம் கார் நிறுத்தறதுக்கு மாடி மாடியா ஒரு கட்டடம் கட்டியிருக்காங்களே, அஸ்திவாரம் தோண்டினப்பவே சொன்னேன், கரை தாங்காதுன்னு. கட்டி ரெண்டு வருஷமாச்சு. இப்பதான் வேலையைக் காட்டுது."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பம்புக்காரர் வாயைத் திறந்தார். என்னவென்று சொல்வது? 'கசிவெல்லாம் இல்லை சார், ஒரு அம்மா என்னோடு பேச வேண்டும் என்பதற்காக நான்தான் வாய்க்காலை வற்ற விட்டேன்' என்றா? திறந்த வாயை ஒரு கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டார்.

"இருக்கலாம் சார்" என்றார்.

மறுநாள் இன்ஜினியர் ரெண்டு பீப்பாய் நிறையப் பச்சைச் சாயம் கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டினார். பச்சைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே வருகிறதோ அதுதான் கசிவு. பிடித்து அடைத்துவிடலாம் என்பது திட்டம். திட்டத்தில் ஒரு பழுதும் இல்லை. பழுது வாய்க்காலில்தான் இருந்தது. எந்தக் காலத்து விரிசல்களோ எல்லாம் சேர்ந்துகொண்டு, பச்சை ஊர் பூராவும் கிளம்பியது. சலூன்காரர் கொல்லையில் ஊறியது. பள்ளிக்கூட மைதானத்தில் குட்டை கட்டியது. அலுவலகத்துக் குளியலறையிலேயே சுவரோரம் எட்டிப் பார்த்தது. வெள்ளை வாத்துகள் அடிவயிறு பச்சையாக நடந்து போயின. ஊர்க்காரர்கள் இன்ஜினியரைப் பச்சை பச்சையாகத் திட்டினார்கள்.

அன்று சாயங்காலமும் தொலைபேசி அடித்தது. மஞ்சள் வீட்டு அம்மாவும் திட்டப்போகிறார் என்று பம்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டே எடுத்தார்.

"தண்ணி கொஞ்சம் குறைச்சல்தான் சார்" என்றார் அவர். "மத்தபடி எப்பவும் போல அழகாத்தான் இருக்கு."

பம்புக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே கரித்துக் கொட்டுகிற நேரத்தில் இப்படி ஒரு பெருந்தன்மை. பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் மனசு நோகக் கூடாதென்று அந்த அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி விட்டுவிட்டார். இப்படி ஒரு மனுஷியிடம் பொய்யாகத் தண்ணீரைக் குறைத்துக் காட்டுகிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இனிமேல் அந்தத் திருட்டு வேலை வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தார். மோட்டாரை முறைப்படி ஓட்டினார். தண்ணீர் மறுபடி சிவப்புக் கோட்டுக்கு வந்து நின்றது.

கசிவு தானாக நின்றுபோனதை இன்ஜினியரால் தாங்க முடியவில்லை. நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அளவுப் பலகைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துவிட்டார். பம்புக்காரர் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். ரெண்டாவது கோப்பையை எடுத்துத் துடைக்கும்போதுதான், அதை எடுத்து எவ்வளவு காலமாகிறது என்பது அவருக்கு உறைத்தது. கோப்பைக்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. பம்புக்காரர் எழுவதற்குள் இன்ஜினியர் உள்ளே ஓடிவந்து எடுத்துவிட்டார்.

"தண்ணி குறைஞ்சிருக்குங்க சார்."

இன்ஜினியர் வாசல் வழியாகப் பலகையைப் பார்த்தார். தண்ணீர் கோட்டில் நின்றது. பம்புக்காரரும் பார்த்தார். கோட்டில்தான் நின்றது.

"குறைஞ்சிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

எதிர்ப்பக்கத்துக் குரல் தடுமாறியது. புதுக்குரலைக் கேட்டு மிரண்டுவிட்டார் போலிருக்கிறது. பிறகு, "குறைஞ்சுதான் இருக்கு. ஜன்னல் கிட்டதான் உக்காந்திருக்கேன்" என்றார். வைத்துவிட்டார்.

இன்ஜினியர் முகம் பிரகாசமானது. "புரிஞ்சுபோச்சு பெரியவரே. உங்க பலகைதான் தப்பு. கரை மண் அமுங்கி, பலகையும் கூடவே கீழ இறங்கியிருக்கு. கோட்டுல நிக்கிற மாதிரி நமக்குத் தெரியுது. நிஜத்துல பத்தாது. கரையில இருக்கற பொதுஜனம் பொய் சொல்லுமா?"

அந்தப் பலகை பாறையில் அடித்து வைத்தது. பம்புக்காரருக்கு அது தெரியும். பாறை அமுங்காது என்பதும் தெரியும். ஆனால் பலகையை நம்புவதா, அந்த அம்மாவை நம்புவதா என்று வந்தபோது அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பலகைக்கு வயசாயிடுச்சு சார்" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத பலகையைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"ரெண்டு மோட்டாரையும் போடுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் வீட்டுக்குப் போனார். போனவர் நிறுத்தச் சொல்ல மறந்து தூங்கிவிட்டார்.

விடிந்தபோது வாய்க்கால் கரையைத் தாண்டிவிட்டிருந்தது. வாத்துகள் நடைபாதையில் நீந்தின. கார் நிறுத்தும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, உள்ளே இருந்த கார்களின் சக்கரம் முழுகிவிட்டது. போகிற வழியில் தண்ணீர் தெருவோரத்துத் தொலைபேசிப் பெட்டிக்குள்ளும் புகுந்து அங்கிருந்த கம்பிகளை எல்லாம் நனைத்துவிட்டுப் போனது.

பம்ப் ஹவுஸ் தொலைபேசி செத்துப்போனது.

பம்புக்காரர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். முன்பெல்லாம் யாரும் பேசாவிட்டாலும் உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும். அதுவாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அன்று சாயங்காலம் பழக்க தோஷத்தில் மோட்டாரைப் பார்த்து "ஹலோ" என்றார். அப்புறம் அதை எதற்குச் சொன்னோம் என்று யோசித்தார். அடுத்த நாளிலிருந்து அதையும் சொல்லவில்லை. கெட்டிலில் ஒருவருக்கு வேண்டிய தண்ணீரை அளந்து ஊற்றினார், குடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். தனிமை என்பது அவருக்குப் புதிது இல்லை. இடையில் கொஞ்ச காலம் அது இல்லாமல் இருந்துவிட்டதுதான் இப்போது கஷ்டமாக இருந்தது.

வாரக் கடைசியில் இன்ஜினியர் வந்தார். ஹெல்மெட் இல்லை. மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மேல முடிவு பண்ணிட்டாங்க பெரியவரே. மிதவை ஒண்ணு மாட்டப்போறோம். தண்ணி குறைஞ்சா மோட்டார் தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும். ஆளே வேணாம்."

"அப்ப நான்?"

"உங்களைச் சென்ட்ரல் ஸ்டோருக்கு மாத்தியிருக்கு. குழாய், போல்ட் எல்லாம் எடுத்துக் கொடுக்கற வேலை. உக்காந்த இடத்துல இருக்கலாம்."

"போன்?"

"எந்த போன்?"

"தண்ணி குறைஞ்சா ஜனங்க கூப்பிடுவாங்களே சார், அது."

"தண்ணியே குறையாதுங்கறேன், அப்புறம் எதுக்கு போன்? கரையில இருக்கற போர்டையும் பிடுங்கிடுவாங்க."

மோட்டார் சத்தம் இல்லாதபோது அந்த அறை எவ்வளவு சின்னது என்று பம்புக்காரர் அன்றைக்குத்தான் பார்த்தார். வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை, உட்கார நிழல் கிடைத்திருக்கிறது. ஒரு நஷ்டமும் இல்லை என்று அலுவலகம் சொல்லும். நஷ்டம் என்னவென்று யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார்.

மறுநாள் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பழைய பெட்டியைக் கிளறி, அந்த வழக்கொழிந்த சைஸில் ஒரு வாஷரைத் தேடி எடுத்துத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்தார். கரையோரமாக நடக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் வாய்க்காலின் இந்தக் கோடியிலிருந்து தண்ணீரை அனுப்பியிருக்கிறாரே தவிர, அது போய்ச் சேரும் இடத்துக்கு அவர் போனது அபூர்வம். பாலத்துப் பக்கம் போய் எத்தனையோ வருஷம். அவர் குடியிருந்த அறை ஆற்றங்கரையில். ஊருக்குள் அவருக்கு யாரும் இல்லை.

வழி நெடுகச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'அம்மா, தண்ணி தானாக் குறையல, நான்தான் குறைச்சேன். உங்க குரலைக் கேக்கறதுக்காகத்தான்.' சொல்லிப் பார்த்தால் வாய்க்காலை வற்ற வைத்ததைவிட அசிங்கமாக இருந்தது. 'நீங்க தினமும் ஜன்னல்ல உக்காந்து அக்கறையாப் பாத்துச் சொன்னீங்க, நான் உங்களை ஏமாத்திட்டேன்' என்று மாற்றினார். அதுவும் சரிவரவில்லை. கடைசியில், முதலில் வாஷரை நீட்டிவிடுவது, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பாலத்தைத் தாண்டினார். மஞ்சள் வீடு எதுவும் கண்ணில் படவில்லை. கரையை ஒட்டி, பார்த்த இடமெல்லாம் சிமென்ட்டாக அந்தக் கார் நிறுத்தும் கட்டடம்தான் நின்றது. வாசலில் அதன் காவல்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கீழ்த்தளத்தில் இன்னும் வற்றாத தண்ணீரைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

"பாத்து வாங்க, வழுக்கும்" என்றார். "எவனோ ஒரு பம்புக்காரனாம். மோட்டாரைப் போட்டுட்டுப் படுத்துட்டானாம். கையில கிடைச்சா இந்தத் துடைப்பத்தைக் கொடுத்துடுவேன்."

"கொடுக்க வேண்டியதுதான்" என்றார் பம்புக்காரர். "இங்க ஒரு மஞ்சள் வீடு…"

"அந்த அம்மா வீடா? எங்க கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கு. இப்படிச் சுத்திப் போங்க. வீட்டுலதான் இருப்பாங்க, எங்கயும் போகமாட்டாங்க. ஒரு வாரமா போன் வேலை செய்யலன்னு தினம் என்கிட்ட வந்து எப்ப சரியாகும்னு கேட்டுட்டுப் போறாங்க. நீங்க போன் ரிப்பேருக்கு வந்தவரா?"

"இல்ல. தண்ணி விஷயமாப் பேசணும்" என்றார் பம்புக்காரர். தப்பு பண்ணியவன் மாதிரி அவர் குரல் இறங்கியது. "அவங்களுக்கு இந்த வாய்க்கால்னா உசுரு. தினமும் சாயங்காலம் ஜன்னல் கிட்ட உக்காந்து, தண்ணி ஏறுதா இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க."

காவல்காரர் துடைப்பத்தை ஊன்றி நின்று அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எந்த வாய்க்காலை? நாங்க இங்க கட்டடம் எழுப்பின ரெண்டு வருஷமா அந்த ஜன்னல்ல எங்க சுவத்தைத் தவிர ஒண்ணுமே தெரியாதேங்க."